ஒன்பது வோல்ட் குரல்

"ரசமா, மோரா?" என்று தமயந்தி கேட்டாள்.

இளங்கோவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ மிளகாய் காயவைத்திருந்தார்கள். அதைத்தான் பார்க்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. சிலேட்டும் குச்சியும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவர் எடுக்கவில்லை.

"மோர்தானே? சரி," என்று அவளே சொல்லிவிட்டு ஊற்றினாள்.

கொஞ்ச காலமாகவே அந்த வீட்டில் கேள்வியும் அவளுடையது, பதிலும் அவளுடையது. ஒரே பெண் வீணாவைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் இருந்த அந்த இரண்டு அறைகளில் இப்போது இவர்கள் இருவர்தான். இரண்டு பேருக்கான பேச்சை ஒருத்தியே பேசுவது, இரண்டு குடத்தை ஒரே இடுப்பில் வைத்துச் சுமப்பது போலிருந்தது அவளுக்கு.

இளங்கோவன் சிட்டி பஸ் கண்டக்டர். மெஜஸ்டிக்கில் வண்டி ஏறினால் ஓகலிபுரம் தாண்டும்வரை அவர் குரல்தான் பஸ்ஸுக்குள் ஓடும். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் கூட்டத்தை முன்னால் தள்ளுவார். அடுத்த மூச்சிலேயே, "யம்மா, கூடைய மடியில வச்சுக்கயேன், அது என்னா மாப்பிள்ளையா, தனி சீட்டு குடுக்க?" என்று தமிழில் கேட்பார். அந்தக் குரல்பெட்டியில்தான் புற்று வந்தது. பொங்கலுக்கு முன்னால் அறுத்து எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் இனி மூச்சு. துளைமேல் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி தொங்கும். உயிருக்கு இனி பயமில்லை என்று டாக்டருக்கு மிகவும் சந்தோஷம்.

முதலில் சிலேட்டில் நிறைய எழுதினார். பிறகு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. இப்போது அதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு நாள் இருவரையும் உட்காரவைத்து ஒரு கருவியைக் காட்டினார். வெளிநாட்டுச் சாமான். கைப்பிடி மாதிரி இருந்தது. இவரைப்போலவே குரல்பெட்டி எடுக்கப்பட்ட ஒரு பெரியவர் அதைத் தாடைக்கடியில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தார். கழுத்தில் பட்ட அதிர்வு வாய்க்குள் போய், உதடும் நாக்கும் அதை வார்த்தையாக்கின. "வணக்கம். சௌக்கியமா?" என்றது ஓர் இயந்திரக் குரல். வராந்தாவில் நின்ற இரண்டு குழந்தைகள் களுக்கென்று சிரித்தார்கள். இளங்கோவன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் விலை தங்களுக்கு எட்டாது என்பது தமயந்திக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் கையில் வாங்கிப் பார்த்தாள். பொத்தானை அழுத்தியதும் உள்ளங்கைக்குள் ர்ர்ர் என்று உறுமியது. 'அட, இது எங்க பஸர்தானே' என்று நினைத்தாள்.

அவள் பீன்யாவில், இண்டர்காம் டெலிபோன் செய்யும் ஒரு கம்பெனியில் பற்றவைக்கும் பிரிவில் இருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின வருடம் சேர்ந்தது. போன் மணியடிக்க வைக்கும் சின்னச் சர்க்யூட்டில் ஈயம் வைத்தே அவள் விரல்நுனிகள் காய்த்துப்போயிருந்தன. அந்தச் சர்க்யூட்டைக் கொஞ்சம் தடித்த சத்தமாக மாற்றி, ரிசீவருக்குள் இருக்கும் வட்டத் தகட்டை அதிரவைத்தால் போதும். தகட்டை அப்படியே கழுத்தில் வைக்கலாம்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று பயம்.

வீட்டில் ஒரு பழைய இரட்டை பாட்டரி டார்ச் இருந்தது. அதன் கண்ணாடி இருந்த இடத்தில் ரிசீவரின் வட்டத் தகடு சரியாக உட்கார்ந்தது. கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப்போட்ட தகடு ஒன்றை வாங்கிவந்திருந்தாள். அதிர்வு கழுத்துக்குப் போக வேண்டுமே என்று தகட்டின் நடுவில் அவருடைய காக்கிச் சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டினாள். டார்ச்சின் குழலுக்குள் ஒரு ஒன்பது வோல்ட் பாட்டரி போனது. பாட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே மிச்சமிருந்தது சின்ன இடம். கடையில் விற்கும் எந்த போர்டும் அதற்குள் நுழையாது. ஒரு விரல் அகலத்தில் தானே ஒன்று செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையெல்லாம் அடைத்திருக்கும் என்பதால் சனிக்கிழமை வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றபடியே போய்ச் சாமான்களை வாங்கினாள். சத்தத்தை உண்டாக்கும் ஐ.சி., ஒரு டிரான்ஸிஸ்டர், செம்புத் தகடு ஒட்டிய அட்டைத் துண்டு, செம்பை அரிக்கும் பழுப்புப் பொடி. ஐ.சி.யின் எந்தக் கால் எது என்று காட்டும் படத்தாள் ஒன்றையும் கடைக்காரர் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோது கால்கள் வீங்கியிருந்தன. செருப்பின் வார் பாதத்தில் பதிந்திருந்தது.

மறுநாள் மதியம் அவர் படுத்திருக்க, அவள் அடுக்களையில் உட்கார்ந்து, வீணா விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து செம்பின்மேல் கோடு கோடாக வரைந்தாள். பூச்சு இருக்கும் இடத்தில் செம்பு தங்கும், மற்றது கரைந்துபோகும். ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் சுடுதண்ணீரும் பொடியும் போட்டு, அட்டையை மிதக்கவிட்டு, டப்பாவை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் சில இடங்களில் அரிக்காது. தோள் கடுத்தது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. தண்ணீர் குடிக்க வந்த இளங்கோவன் அந்தப் பழுப்புக் கறையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். அவள் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு கால் கட்டைவிரலால் கறையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்காதது தோள்வலியைவிட அதிகமாக வலித்தது.

ஓட்டை போட்டு, எல்லாவற்றையும் பற்றவைத்து, டார்ச்சுக்குள் தள்ளி, சுவிட்சை அழுத்தினாள்.

ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். பிளாஸ்டிக் தீயும் வாசனை வந்தது. அவசரமாகத் திறந்து ஐ.சி.யைத் தொட்டதும் விரல் சுட்டது. அவள் டார்ச்சை ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தாள்.

திங்கட்கிழமை மதியம், கம்பெனி கேன்டீனில் மௌரீனிடம் அந்த போர்டைக் காட்டினாள். மௌரீன் லிங்கராஜபுரத்திலிருந்து வருபவள். போர்டில் பாகங்களைச் செருகும் பிரிவு. அவள் செருகி அனுப்புவதைத்தான் தமயந்தி பற்றவைப்பாள்.

"அண்ணனுக்கா? நீயே செஞ்சியா? மாதாவே, கோடெல்லாம் பிங்க் கலர்ல மின்னுது," என்றாள் மௌரீன். படத்தாளையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயில் இருந்த தயிர்சாதத்தை அவசரமாக விழுங்கிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னடி?"

"இந்தப் படத்தைப் பார்த்தபடியே வரைஞ்சியா?"

"பின்ன எப்படி வரைவாங்க?"

"இது ஐ.சி.ய மேலேயிருந்து பாக்கற படம்மா. நீ வரைஞ்சது போர்டோட அடிப்பக்கம். திருப்பிப் போட்டா இடது வலதாயிடும்ல? பிளஸ் போக வேண்டிய கால்ல மைனஸ் போயிருக்கு. பாவம், வெந்துடுச்சு."

தமயந்தி போர்டைத் திருப்பிப் பார்த்தாள். புரிந்தது. அவளிடம் வரும் போர்டுகள் எல்லாம் சட்டத்தில் குப்புறக் கவிழ்ந்தே வரும். ஈயம் வைத்து அப்படியே தள்ளிவிடுவாள். மேல்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நிமிர்த்திப் பார்க்கும் வேலையே அவளுக்குக் கிடையாது. அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அடிப்பக்கத்துப் படமாகவே அவள் கண்ணுக்குப் படும்.

"இத்தினி வருஷமா போர்டோட வயித்தையே பாத்துனு இருந்துட்டு, அதுக்கு முதுகு இருக்கறதே மறந்துட்டியா தமா?"

தமயந்திக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண்ணில் நீர் கட்டியிருந்தது. "மறுபடியும் வரைஞ்சு, அரிச்சு, ஓட்டை போட என்னால ஆவாது மௌரீன். கை ஓஞ்சு போச்சு."

"எதுக்கு வரையணும்? புது ஐ.சி. ஒண்ணு வாங்கு. மல்லாக்கப் படுக்க வை. காலுங்களை அந்தப் பக்கமா மெதுவா மடிச்சு விடு. இடது வலது தானா சரியாயிடும். டிரான்ஸிஸ்டரையும் திருப்பிப் போடு. மத்ததெல்லாம் ரெண்டு காலு சாமான், அதுங்களுக்கு ஒண்ணும் ஆவல." மௌரீன் டப்பாவை மூடினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் பேசுவாரா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"பேசலைன்னா அந்த மெஷினை எங்க வூட்டுக்காரர் கண்ணுல மட்டும் காட்டாத. அவருக்கு இருக்கற ஒரு வாயே போதும்."

அடுத்த ஞாயிறு புது ஐ.சி., செத்த கரப்பான்பூச்சி போல மல்லாந்து கால்களை மடக்கிக்கொண்டு போர்டில் படுத்தது. தமயந்தி கூடத்திலேயே, அவர் எதிரிலேயே உட்கார்ந்து டார்ச்சை மூடினாள். இனி ஒளிக்க அவளிடம் தெம்பில்லை. சுவிட்சை அழுத்தினாள்.

ங்ஙீஈஈ என்று வீடே அதிர்ந்தது.

"என்ன தங்கச்சி, வூட்டுக்குள்ள தேன்கூடு கட்டியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கோவிந்தப்பா உள்ளே வந்தார். இளங்கோவனோடு ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர். கன்னடக்காரர். தமிழை இளங்கோவனிடமே கற்றுக்கொண்டவர். ஞாயிறுதோறும் வந்து, பதில் வராத நண்பனிடம் டெப்போ கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

தமயந்தி விஷயத்தைச் சொன்னாள். கோவிந்தப்பா டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தம் மட்டும் சொஸே மாதிரி கிறீச்சுங்குதே. மருமக சத்தம். நம்ம ஆளுக்கு இது வேணாம்."

"எறக்கலாம்ணா. உள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கு."

"எறக்கு. நான் சொல்றேன்."

அவள் மூடியைக் கழற்றி, மெல்லிய திருப்புளியால் திருகைத் திருப்பினாள். சத்தம் தேனீயிலிருந்து வண்டாகி, வண்டிலிருந்து கீழே இறங்கியது.

"இன்னும். இன்னும் ஸ்வல்ப. நம்ம வண்டி சிக்னல்ல நிக்கும்போது உறுமும் பாரு, அங்க வரணும். இவன் பின்னாடி நின்னு 'ரைட்'னா எனக்கு இஞ்சின் சத்தமா இவன் சத்தமான்னே தெரியாது… ஹா! சாக்கு, சாக்கும்மா! போதும், அங்கயே நிறுத்து." கோவிந்தப்பா கண்ணை மூடிக் கேட்டார். "குரு, இதான்டா நீ."

இளங்கோவன் இருவரையும் பார்த்தார். எழுந்தார். உள்ளறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

கோவிந்தப்பாவின் முகம் சுருங்கியது. "கோவமா?"

"தெரியலண்ணா. எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் தெரியறதில்ல."

கோவிந்தப்பா காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

தமயந்தி திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெயில் தரையில் பாதிவரை வந்திருந்தது. துவைக்க வேண்டிய துணி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க மனமில்லை. செய்த சாமான் வேலை செய்கிறதா என்றாவது பார்த்துவிடலாம் என்று டார்ச்சின் வாயைத் தன் தாடைக்கடியிலேயே வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

காப்பி என்றாள். "ஆபி" என்று வந்தது. சாப்பாடு என்றாள். "ஆபாடு" என்றது. தமயந்தி என்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். "அமயந்தி" என்று தலையில்லாமல் வந்தது. காற்றைத் தள்ளிச் சொல்லவேண்டிய எழுத்துகள் எல்லாம் உதிர்ந்துபோயின. மற்றவை முழுசாக நின்றன. வீணா என்றாள். அழகாக வந்தது. அம்மா என்றாள். வந்தது. இன்னும் அப்படிப்பட்ட பெயர் எது என்று தேடியவளின் நாக்கில் ஒரு பெயர் வந்து நின்றது.

அவள் அதைச் சொன்னதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ரேஷன் கடையில் கேட்டாலும் 'வீணா அப்பா' என்றுதான் சொல்வாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூட அட்டையைத்தான் நீட்டினாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா நம்பினாள். இவள் அதையெல்லாம் நம்பவில்லை. ஆனாலும் நாக்கு போகாது, அவ்வளவுதான். இப்போது தொண்டையில் சத்தமே இல்லை. உதடும் நாக்கும் மட்டுமே அசைந்தன.

"இளங்கோவன்."

ஓர் எழுத்துகூட உதிராமல், ஆழமான குரலில், கூடம் முழுக்கக் கேட்டது. வேறு யாரோ வீட்டுக்குள் வந்து அவரைப் பெயர் சொல்லி அழைத்ததுபோல் அவளே திடுக்கிட்டு டார்ச்சைக் கீழே இறக்கினாள். பிறகு வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. மறுபடி வைத்தாள்.

"இளங்கோவன்."

திரைச்சீலை விலகியது. அவர் நின்றிருந்தார். தோள் குலுங்கியது. கழுத்துத் துணி படபடவென்று துடித்தது. என்னவோ ஏதோ என்று பதறி எழப்போனவள், அவர் சிரிக்கிறார் என்று கண்டுகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று.

"நான் சொல்லல," என்றாள் தமயந்தி. முகம் சூடாகிவிட்டது. "அதுதான் சொல்லிச்சு."

அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

சுலபமாக வரவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்ததில் கழுத்துச் சதை மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. அதில் வைத்தால் வெறும் உறுமல்தான் வந்தது. அவள் அவர் தாடைக்கடியில் விரலால் தடவித் தடவி மெத்தென்ற இடம் தேடினாள். இத்தனை மாதங்களில் மருந்து போட மட்டுமே தொட்ட இடம். அவர் பேச முயன்றபோதெல்லாம் துளை வழியாகக் காற்று புஸ்ஸென்று சீறியது.

"மூச்சை விடாதீங்க. அடக்கிக்கங்க. வாயை மட்டும் அசைங்க. அவசரமே இல்ல, வண்டி ஒண்ணும் கிளம்பல."

இடது காதுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓர் இடம் கிடைத்தது.

"நீ," என்றார் இளங்கோவன். சிக்னலில் நின்ற பஸ் பேசியது.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ ஏன்… சொன்ன?"

"பேரையா? மெஷின்தான்…"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி அழுத்தினார். பாதியைக் காதாலும் பாதியை உதட்டைப் பார்த்தும் அவள் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்… என்னைத்தான் கேட்டாரு. குரலா, உயிரான்னு. நீ ஏன் சொன்ன?"

தமயந்திக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. டாக்டர் இளங்கோவனைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, "உயிர்தான் சார் வேணும், எடுத்துடுங்க" என்றாள். டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அதற்குப்பின் யாரும் அவரைக் கேட்கவில்லை.

"நானும் அதையேதான்… சொல்லியிருப்பேன்," என்றது குரல். நடுவில் சுவிட்ச் நழுவி நின்றது. அவர் விரலை மாற்றிக்கொண்டார். "ஆனா… நான் சொல்லியிருப்பேன். என் வாயால."

இவ்வளவு நாளும் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஏதேதோ சமாதானம் நெஞ்சில் வந்தது. எதையும் எடுத்துச் சொல்ல உடம்பில் வலுவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"நீங்க வேற மாதிரி சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேங்க. உங்களுக்கு அந்தக் குரல் மேல எவ்ளோ பெருமைன்னு எனக்குத் தெரியாதா? நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாக்கூட நான் செத்திருப்பேன்."

அவர் டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். நரைத்த காதோரம், விரல் நுனியில் ஐ.சி. சுட்ட தழும்பு, நகத்தடியில் போகாத பழுப்புக் கறை. பிறகு டார்ச்சைத் தூக்கி அந்த ஒரு ரூபாய் அகல இடத்தைத் தானே தேடினார். முதலில் தவறியது. பிறகு கிடைத்தது.

"இன்னும் இருக்கு," என்றார்.

"என்ன, திட்டா?"

தலையை ஆட்டினார். ஆமாம் என்று.

தமயந்தி காலை நீட்டிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "எல்லாத்தையும் திட்டிடுங்க," என்றாள். "நான் எங்கயும் போகல. பாட்டரி இன்னொண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

அவர் சுவிட்சை அழுத்தினார்.